ஈரலுக்குள் ஒற்றர்

மருதாசலம் குடிக்கிறார் என்ற செய்தி பொன்னூஞ்சல் அடுக்ககத்தின் எண்பத்து நான்கு வீடுகளுக்கும் போய்ச் சேர இரண்டரை நாள் ஆயிற்று. கோகிலாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். சி பிளாக்கில் பாதிப் பேர் திருப்பதிக்குப் போயிருக்காவிட்டால் ஒன்றரை நாளில் முடிந்திருக்கும்.

கோகிலாவையும் குறை சொல்லக் கூடாது. கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவள். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், நடுவில் யார் சுவரேறிக் குதித்தார் என்று பார்ப்பதற்கே சம்பளம் வாங்கியவள். ஓய்வு பெற்றபின் அதே வேலையை முதல் மாடி ஜன்னலில் இருந்தபடி சும்மா செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு ஒரு உபகாரம், அவ்வளவுதான்.

மருதாசலம் ஏ பிளாக், நான்காவது மாடி. பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவு. வயது நாற்பத்தெட்டு. மனைவி சுகந்திக்கு ஓசூரில் வேலை. மாதத்துக்கு இரண்டு தடவைதான் வருவாள். ஆக, ஆள் இல்லாத வீடு. லேசாக மஞ்சள் ஏறிய கண். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் கையில் துணிப்பை, பைக்குள் கண்ணாடி உரசும் சத்தம். டைம் ஆபீஸில் இருந்தவளுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வெறும் பேச்சாக இருந்திருந்தால் இரண்டு மாதத்தில் அடுத்த வீட்டுக் கதை வந்து இதை மூடியிருக்கும். ஆனால் மருதாசலத்தின் ஈரல் நிஜமாகவே கெட்டுக்கொண்டிருந்தது. மாற்று ஈரலுக்கு மருத்துவமனையில் பதிந்து வைத்தார். அங்கே ஒரு விதி: குடிப்பவருக்கு ஈரல் கிடையாது. நோயாளியின் வாய்ச்சொல் போதாது, அக்கம்பக்கத்தில் மூன்று பேரை விசாரிக்க வேண்டும். விசாரிக்க வந்த அம்மாள், கண்ணாடி போட்ட கண்டிப்பான ஆள், கோகிலா வீட்டில் உட்கார்ந்து காபி வாங்கிக்கொண்டாள்.

"நான் எதுக்குங்க ஒருத்தரப் பத்திச் சொல்லோணும்? எனக்கென்னுங்க வந்துது?" என்றுதான் கோகிலா ஆரம்பித்தாள். காபி ஆறுவதற்குள் கண்ணின் மஞ்சள், பையின் சத்தம், சுகந்தி வராத வாரங்கள் எல்லாம் தேதிவாரியாக வந்துவிட்டன.

அடுத்த வாரம் ஈரலுக்குக் காத்திருப்போர் பட்டியலில் மருதாசலத்தின் எண்ணுக்கு நேரே 'நிறுத்திவைப்பு' என்று விழுந்தது. பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பேர் இருக்காது, எண் மட்டும். அது யாருடைய எண் என்று கண்டுபிடித்த பெருமையும் கோகிலாவுக்கே.

மருத்துவமனை கடைசியாக ஒரு வழி வைத்திருந்தது. அக்கம்பக்கத்துப் பேச்சில் சந்தேகம் இருந்தால் ஈரலையே கேட்டுவிடலாம். நோயாளியின் ரத்தத்தில் கொஞ்சம் வெள்ளையணுக்களை எடுத்து, ஏதோ வித்தை கற்றுக்கொடுத்து, திரும்ப உள்ளே அனுப்புவார்கள். தொண்ணூற்றொரு நாள் அவை உள்ளே இருக்கும். பிறகு சொல்லும். அந்தச் சொல்லும் நாள் வந்தபோது சுகந்திக்கு லீவு கிடைக்கவில்லை. கூட ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும்.

"நான் வர்றேனுங் தம்பி," என்றாள் கோகிலா, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. எதற்கு என்று அடுக்ககத்தில் எல்லோருக்கும் தெரியும். தான் சொன்னது சரியா என்று பார்க்கத்தான்.

வாடகைக் காரில் மருதாசலம் வயிற்றைக் கையால் பிடித்தபடி வந்தார். இளைத்திருந்தார்.

"பயமா இருக்குதுங்களா தம்பி?"

"இல்லீங்க்கா. உங்களுக்கு?"

"எனக்கென்னுங்க பயம்?"

"அதில்லீங்க்கா. ஈரலு வேற மாதிரி ஏதாச்சும் சொல்லிப்போடுச்சுன்னா?"

கோகிலா வெளியே பார்க்க ஆரம்பித்தாள். ஆள் அமுக்கம், எல்லாம் தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

பார்வை அறையில் ஒரு சுவர் முழுக்கத் திரை. மருதாசலத்தைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, வலது விலாவைச் சுற்றி அகலமாக ஒரு பட்டையைக் கட்டினார்கள். டாக்டர் ஷமீமாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சங்கிலி இல்லை, கையில் மோதிரம் இல்லை. கல்யாணமானவளா என்று கண்டுபிடிக்க வழியே வைக்கவில்லை.

"இந்த அணுக்களுக்கு நீளமா ஒரு பேர் இருக்குங்கம்மா. நாங்க ஒற்றர்னு சொல்லுவோம்," என்றாள் டாக்டர். "உடம்புக்குள்ள செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். வாயால இல்ல, ரசாயனத்தால. ஒற்றர் போய்க் கூட்டத்தோட கூட்டமா நிப்பாங்க. என்ன பேச்சு ஓடுதோ அதைக் கேட்டு மினுக்குவாங்க. அந்த மினுக்கை இந்தப் பட்டை பிடிச்சுக்கும்."

"ஒட்டுக் கேக்கற ஆளுங்கன்னு சொல்லுங்க கண்ணு."

"அதேதாங்கம்மா."

கோகிலாவுக்கு அந்த அணுக்களின்மேல் சட்டென்று ஒரு பாசம் வந்தது.

விளக்கை அணைத்தார்கள். சுவர் திறந்துகொண்டது. அப்படித்தான் இருந்தது, திரை என்றே தோன்றவில்லை. தேனடை போல அறுகோணம் அறுகோணமாக, பார்க்கும் தூரம் வரைக்கும் ஒரு ஊர். ஒவ்வொரு அறுகோணத்தின் ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கிச் சின்னச் சின்னச் சந்துகள். சந்துகளில் ரத்தம் ஓடவில்லை, கசிந்து நகர்ந்தது, திருவிழாக் கூட்டம் மாதிரி நின்று நின்று. இரண்டு பக்கமும் ஈரல் செல்கள், வரிசை பிசகாமல், லட்சமா கோடியா என்று எண்ண வராத வீடுகள்.

"இது வரைஞ்ச படமுங்களா?"

"இல்லீங்கம்மா. இந்த நிமிஷம் சார் உள்ளார நடக்கறது."

மருதாசலம் ஒரு கொட்டாவி விட்டார். சுவரில் அத்தனை தெருவும், அத்தனை வீடும் ஒருமுறை மெல்ல ஏறி இறங்கின. கோகிலா தன்னையறியாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மனிதன் கொட்டாவி விட்டால் ஒரு தேசமே ஏறி இறங்குமா? இந்த மனிதரைத்தான் தினமும் கேட்டில் பார்த்து, பையில் என்ன என்று அளந்துகொண்டிருந்தாளா?

"சந்துச் சுவத்துல ஒட்டிக்கிட்டுக் கை நீட்டிக்கிட்டிருக்காங்க பாருங்க, அவங்க காவல்காரங்க. குடல்ல இருந்து வர்ற குப்பை, கிருமி எல்லாம் இந்த வழிதான் வரும். வந்ததை முழுங்குவாங்க. சத்தம் போடமாட்டாங்க. உடம்புலயே பொறுமைசாலி ஊர் ஈரல்தான். தினமும் மூணு வேளை வெளியாள் வர்ற இடம், எல்லாத்துக்கும் கூச்சல் போட்டா குடும்பம் நடக்குமா?"

"அப்புறம் எப்படிங் கெட்டுப்போச்சு?"

"காட்டறேன்." டாக்டர் ஏதோ தட்டினாள். "இது ஒற்றர் ஞாபகத்துல வச்சிருந்த பதிவு. போன மாசம் ஒரு நாள்."

அதே ஊர். ஒரு மூலையில் ஒரே ஒரு ஈரல் செல் வீங்கி, வெடித்து, உள்ளே இருந்ததெல்லாம் சந்தில் கொட்டியது. பக்கத்துக் காவல்காரன் சிலிர்த்தான். அவனைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம் விரிந்தது. அது அவன் போட்ட கூச்சல் என்றாள் டாக்டர். அடுத்த காவல்காரன் அதைக் கேட்டான், தானும் போட்டான். அடுத்தவன் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டான். தெருத்தெருவாக ஆரஞ்சு பரவியது. எங்கிருந்தோ உருண்டு திரண்டு வந்தது ஒரு படை.

"இவங்கதான் எப்பவும் மொதல்ல வர்றவங்க. என்ன ஏதுன்னு கேக்கமாட்டாங்க. கையில இருக்கறதை வீசுவாங்க, அமிலம் மாதிரி. அதுல நல்ல செல்லும் சாகும். செத்தது இன்னும் கொட்டும். அதைப் பாத்து இன்னும் கூச்சல், இன்னும் கூட்டம். ரெண்டாவதா வர்றாங்க பாருங்க, இவங்க ஆள் அடையாளம் ஞாபகம் வச்சுக்கிட்டு வர்றவங்க. தப்பான அடையாளத்தை மனசுல வாங்கிட்டாங்கன்னா வீடு வீடாத் தட்டி அடிப்பாங்க."

வரிசையாக இருந்த வீடுகள் இடிந்துகொண்டிருந்தன. இடிந்த இடத்தில் கயிறு கயிறாக ஏதோ முளைத்துச் சந்தை அடைத்தது. தழும்பு என்றாள் டாக்டர். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, தீபாவளி வானம் போல. அதுதான் தாங்கவில்லை.

"எதிரி எங்கீங் கண்ணு? யாரை அடிக்கறாங்க?"

"எதிரி இல்லீங்கம்மா. நானும் தொண்ணூத்தோரு நாள் பதிவுலயும் தேடிட்டேன். கிருமி இல்ல. குடியும் இல்ல. மது வந்தா ஒற்றர் வேற மாதிரி மினுக்குவாங்க. ஒரு சொட்டு கூட இல்ல."

மருதாசலம் கண்ணை மூடிக்கொண்டார். கோகிலாவுக்குக் காது சூடாயிற்று. சரி, இருபத்தாறு வருஷத்தில் ஒரு தப்பு. யாருக்கும் நேர்வதுதான்.

"ஆனா என்னவோ ஒண்ணு இவங்களை உசுப்பி விடுது. பாருங்க." திரையில் இப்போது ஒரு நீளக் கோடு, அதில் பதின்மூன்று கூர்கள். "இத்தனை தடவை பத்திக்கிச்சு. ஒவ்வொரு தடவையும் அடங்கி முடியறதுக்குள்ள அடுத்தது."

டாக்டர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோகிலா இடைவெளிகளை எண்ணிவிட்டாள். வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் பார்த்தால் யார் திங்கட்கிழமை தவறாமல் மட்டம் போடுகிறான் என்று சொல்லிவிடுகிற கண். ஏழு நாள், ஏழு நாள், ஏழு நாள்.

"எல்லாமே ஞாயித்துக்கெழமைங்க," என்றாள். "மணி என்னுங் கண்ணு?"

"எட்டு, எட்டரைக்கு மேல ஆரம்பிக்குது." டாக்டர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மருதாசலத்திடம் திரும்பினாள். "சார், ஞாயிறு காலையில என்ன பண்ணுவீங்க?"

"நடப்பேனுங்க. பேப்பர் படிப்பேன்."

"வேற? மருந்து, மாத்திரை?"

"இல்லீங்க. ஒண்ணுமில்லீங்க." அவர் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

டாக்டர் பெருமூச்சு விட்டாள். "நாலு மணிக்குக் கமிட்டி. காரணம் தெரியாதுன்னுதான் எழுதணும். மொத்தக் காவலையும் அடக்கற மருந்து ஆரம்பிப்போம். அப்ப ஒரு சாதாரண சளி வந்தாக்கூட ஆபத்து. அதுலயும் அடங்கலைன்னா மாற்று ஈரல்தான். குடி இல்லைன்னு ஆச்சு, நிறுத்திவச்சதை எடுத்துருவாங்க. ஆனா முறை வரணுமே. இந்த வேகத்துல போனா இந்த ஈரல் ஆறு மாசம் தாங்கறது கஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கு அடுக்ககத்துப் பூங்காவில் என்ன நடக்கும் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தியின் வாய், யாரும் தட்டாமலே திறக்கிற வாய், இன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

சொன்னால் போச்சு. போன வருஷம் காய்ச்சல் பரவியபோது அவள் ஆரம்பித்தது. நடைப்பயிற்சி முடிந்து வருகிறவர்களைப் பிடித்து நிறுத்தி, சுடச்சுட ஒரு டம்ளர். அதற்காக அடுக்கக விழாவில் அவளுக்குச் சால்வை போட்டார்கள்.

திரையின் ஓரத்தில் இப்போதைய ஈரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு செல் வெடித்தது. பிறகு இன்னொன்று.

"கஷாயமுங்க," என்றாள் கோகிலா.

"என்னது?"

"நான் காய்ச்சறது. ஞாயித்துக்கெழம ஏழரைக்கு. எல்லாருக்கும் குடுப்பேனுங்க. சீந்தில் கொடி, மிளகு, சித்தரத்தை, இன்னும் ரெண்டு மூணு. சீந்தில்தான் தூக்கலா."

டாக்டர் மெல்ல மருதாசலத்திடம் திரும்பினாள். "மருந்து ஏதாச்சும் சாப்பிடறீங்களான்னு மூணு மாசமாக் கேக்கறேனே சார்!"

"கஷாயத்த யாருங்க மருந்துன்னு சொல்லுவா?" என்றார் மருதாசலம். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"எதுக்குங்கம்மா அந்தக் கஷாயம்?"

"எதிர்ப்புச் சக்திக்குங்க." சொல்லும்போதே கோகிலாவுக்கு அந்தச் சொல் வேறு மாதிரி கேட்டது.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். பிறகு திட்டாமல் சொன்னாள், அதுதான் இன்னும் மோசம். "சீந்தில் எல்லாருக்கும் இப்படிப் பண்ணாதுங்கம்மா. நூத்துல ஒருத்தரோ ஆயிரத்துல ஒருத்தரோ. அவங்க காவல்காரங்க ஏற்கெனவே விளிம்புல நிப்பாங்க. அவங்ககிட்டப் போயி வாரா வாரம் 'இன்னும் உஷாரா இரு, இன்னும் உஷாரா இரு'ன்னு உசுப்புனா, கடைசியில சொந்த வீட்டையே சந்தேகப்பட ஆரம்பிச்சுருவாங்க."

"நானும்தானுங்க குடிக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலை. ஏன்னு எனக்குத் தெரியாது."

பட்டையைக் கழற்றி, ரத்தம் எடுத்து, எல்லாம் முடிந்து கேன்டீனில் உட்கார்ந்தபோது மணி இரண்டு. மருதாசலம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"ஞாயித்துக்கெழமைன்னு சொன்னதும் உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சுங்களா தம்பி?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க்கா. மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது?"

"நல்ல ஆளுங்க நீங்க! உசுரு போனாலும் மரியாதையாப் போகோணுமாக்கும்?" கோகிலா கோபமாகத்தான் சொன்னாள். கண் வேறு ஏதோ செய்தது. "புடிக்கலைன்னா விட்டுத் தொலைச்சிருக்கலாமில்ல? யாரு உங்களக் குடின்னு கையப் புடிச்சா?"

மருதாசலம் சிரித்தார். முதல்முறையாக அன்றைக்கு.

"மொத வாரமே வயித்தப் பொரட்டுச்சுங்க்கா. விட்டுரலாம்னுதான் இருந்தேன். கண்ணு கொஞ்சம் மஞ்சளாச்சு. அதுக்குள்ள நான் குடிக்கறேன்னு பேச்சு வந்திருச்சு. அப்புறம் எப்படி விடறது? வேண்டாமுங்கன்னு டம்ளர நகத்துனா என்ன சொல்லுவீங்க? 'நேத்து ஏத்துனது இன்னும் எறங்கல பாரு, கஷாயம் எப்படி உள்ள போகும்'னு சொல்லுவீங்க. அதான் எல்லாரும் பாக்கற மாதிரி நின்னு ரெண்டு டம்ளரு. ஒரு வாரம் விடல."

கோகிலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தப்பு என்று பார்வை அறையில் மனசுக்குள் சொல்லிக்கொண்ட கணக்கு இப்போது உதைத்தது. சீந்தில் பத்த வைத்தது சரி. வாரா வாரம் அதை அணையவிடாமல் ஊதியது எது?

இருந்தாலும் மனுஷி மனுஷிதான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப வெள்ளிக்கெழம அந்தப் பை?"

"மாவடுங்க்கா. சுகந்தி பாட்டில்ல போட்டு ஓசூர்ல இருந்து பஸ்ஸுல அனுப்புவா."

எட்டு வாரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை சுகந்திக்கு லீவு கிடைத்திருந்தது, கோகிலாவும் போனாள். யாரும் கூப்பிடவில்லை. யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை. சுகந்தி அவளோடு பேசவில்லை, ஆனால் காரில் ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தாள்.

சுவர் திறந்தது. ஆரஞ்சு எங்கும் இல்லை. கோகிலா முதலில் ஏமாந்துதான் போனாள், ஒன்றுமே நடக்கவில்லையே என்று. கண் பழகப் பழகத்தான் தெரிந்தது, ஊர் முழுக்க வேலை நடந்துகொண்டிருந்தது. இடிந்த வீடுகளின் மிச்சத்தை யாரோ குனிந்து வாரி வாரித் தின்றுகொண்டிருந்தார்கள். கயிறு கயிறாக அடைத்திருந்த தழும்பை நுனியிலிருந்து கரைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கடந்து போன இடத்தில் ஒரு ஈரல் செல் இடுப்பு சிறுத்து, பிளந்து, இரண்டாக நின்றது. பக்கத்தில் இன்னொன்று. மேஸ்திரி இல்லை, வரைபடம் இல்லை. வரிசை மட்டும் பிசகவில்லை.

"யாருங் கண்ணு இவங்க? புதுசா வந்தவங்களா?" குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள், கோயிலுக்குள் பேசுகிற மாதிரி.

"பாதிக்குமேல பழைய ஆளுங்கதாங்கம்மா. அன்னிக்குக் கூச்சல் போட்டாங்களே, அதே காவல்காரங்க. ஒற்றர் அடையாளம் வச்சிருக்காங்க."

"அதே ஆளுங்களா? எரிச்சவங்களேவா?"

"உசுப்பறதை நிறுத்துனதும் சுத்தி இருக்கற இடிபாட்டைத் தின்ன ஆரம்பிச்சாங்க. தின்னத் தின்னத்தான் அவங்க குணம் மாறும். எங்களுக்கும் அது எப்படின்னு முழுசாத் தெரியல. தான் ஒடைச்சது உள்ளே போகப் போக, கூச்சல் போடற ஆள் கட்டற ஆளாயிடறார்."

சுகந்தி அழுதாள். மருதாசலம் படுத்தவாக்கில் அவள் கையைத் தேடிப் பிடித்தார். சுவரில் அத்தனை தெருவும் கொஞ்சம் குலுங்கியது. அவர் விசும்பியிருக்க வேண்டும். கோகிலாவுக்கு வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அந்த ஊரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாற்று ஈரல் வேண்டாம் சார்," என்றாள் டாக்டர். "உங்க ஈரலே போதும். இன்னிக்கே பட்டியல்ல இருந்து எடுத்துரச் சொல்றேன்."

சாயங்காலம் அவர்களை நான்காவது மாடியில் விட்டுவிட்டுக் கோகிலா லிஃப்டில் ஏறினாள். மேலிருந்து இறங்கி வந்த லிஃப்டில் ஆறாவது மாடி பாமாவும், பத்மஜாவும், ஐந்தாவது மாடி ரிட்டயர்டு தாசில்தாரும் இருந்தார்கள். கோகிலாவைக் கண்டதும் பாமாவின் முகம் மலர்ந்தது.

"அக்கா, பாத்தீங்களா? பட்டியல்ல அந்த நம்பருக்கு நேரா 'நீக்கப்பட்டது'ன்னு போட்டுட்டாங்க!"

"காரணம் போடலையாமுங்க," என்றார் தாசில்தார். "போடுவாங்களா? அசிங்கமில்ல?"

"குடி எங்கயாச்சும் மறையுமா?" என்றாள் பத்மஜா. "ஆனா கோகிலாக்கா, நீங்க அன்னிக்கே சொன்னீங்க. உங்க கண்ணு கண்ணுதான் போங்க."

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். ஒரு 'ம்' போதும். அதுகூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். கதை அதுவாகவே ஒன்றரை நாளில் எண்பத்து நான்கு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அவள் பேரும் நிலைக்கும், சால்வையும் நிலைக்கும். மேலே அந்த மனிதர் காலம் முழுக்கக் குடிகாரராகவே நடமாடுவார், யார் டம்ளரை நீட்டினாலும் வாங்கிக்கொண்டு.

கோகிலா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். அந்தச் செருகலை அடுக்ககத்தில் எல்லோரும் அறிவார்கள். பெரிய கதை வரப்போகிறது என்று அர்த்தம்.

"அந்த நம்பர எதுக்கு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். கூடவே இருந்து கண்ணால பாத்தேன்," என்றாள். "குடியுமில்ல, ஒண்ணுமில்ல. அந்த மனுசன் ஈரலக் கெடுத்தது ரெண்டே ரெண்டு. ஒண்ணு நான் காய்ச்சுன கஷாயம். இன்னொண்ணு என்ற வாயி. மொதல்ல எதைச் சொல்லட்டும்?"

லிஃப்ட் முதல் மாடியைத் தாண்டித் தரைத்தளத்துக்கு வந்து கதவு திறந்தது. கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. யாரும் இறங்கவில்லை.